போலிப் பகா

மாடத்தியின் எண் பகா எண் இல்லை என்பதை, பகாப் பந்தல் வாசலில், உச்சி வெயிலில், அத்தனை பொம்பளைகள் முன்னாலும் வைத்துத்தான் எந்திரம் சொன்னது. மணிக்கட்டைத் தகட்டில் வைத்தாள். பச்சை எரியவில்லை. உப்பு ஒட்டியிருக்கும் என்று முந்தானையில் துடைத்துவிட்டுத் திரும்ப வைத்தாள்.

"பகு எண். உங்களுக்கு இங்கே இடமில்லை" என்றது.

நேற்று வரைக்கும் அதே கையை அதே தகட்டில் வைத்துத்தான் உள்ளே போனாள்.

"ஏளா, வழியை விடு. நின்னுக்கிட்டே வெந்து சாவுதோம்" என்று பின்னால் நின்றவள் முழங்கையால் இடித்தாள். மாடத்தி விலகினாள். வரிசை நகர்ந்தது. அவளை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த நேரத்தில் அந்த உப்பளத்தில் யாரும் யாரையும் பார்க்கமாட்டார்கள்.

அங்கே நிழல் என்றால் கணக்கு. வெயில் மனுசரைக் கொல்ல ஆரம்பித்த வருசங்களில் நிர்வாகம் மண்ணுக்கடியில் குளிர் அறைகளை வெட்டியது. முதலில் கதவுக்கு ஆள் போட்டிருந்தார்கள். கதவில் நின்றவன் தன் சாதிக்காரனை உள்ளே விட்டான், கைநீட்டியவனை விட்டான், பொம்பளை என்றால் வேறு கூலி கேட்டான். ஒரு சித்திரையில் வெளியே நின்றவர்கள் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள். கலவரம் வந்தது, பிறகு கமிட்டி வந்தது. கமிட்டி சொன்னது: எண்ணுக்குச் சாதி கிடையாது. குலுக்கிப் போட்டு ஆளுக்கொரு ஒன்பது இலக்க எண்ணை மணிக்கட்டுத் தோலுக்கடியில் வைத்தார்கள். கதவுக்கும் ஒரு எண். கதவின் எண் உன் எண்ணை மீதியில்லாமல் வகுத்தால் திறக்கும். மீதி வந்தால் திறக்காது. கெஞ்ச ஆள் கிடையாது, கொடுக்கவும் ஆள் கிடையாது.

இரண்டாம் கதவு இரட்டைப்படைக்காரர் எல்லாருக்கும் திறக்கும். உள்ளே சந்தைக்கடை மாதிரி இருக்கும், ஆனாலும் குளிர். ஐந்தாம் கதவு ஆஸ்பத்திரி. அறுபதாம் கதவுக்குள் மெத்தை நாற்காலியும் மோரும் உண்டு என்பார்கள். போனவர்கள் இந்தப் பக்கம் வந்து சொன்னதில்லை.

பிள்ளை பிறந்தால் தாய் எண்ணையும் தகப்பன் எண்ணையும் பெருக்கிப் பிள்ளைக்குக் கொடுத்தார்கள். பெற்றவர் நுழைகிற கதவுக்கு வெளியே பிள்ளை நிற்கக்கூடாது என்ற நல்ல மனசு. அந்த நல்ல மனசை ஊர் ஒரே தலைமுறையில் சாதியாக்கிவிட்டது. பன்னிரண்டாம் கதவுக்காரன் பன்னிரண்டாம் கதவுக்காரியைத் தேடினான். தரகர்கள் ஜாதகத்தை விட்டுவிட்டு எண்ணை உடைத்துப் பொருத்தம் பார்த்தார்கள். அது முற்றிப்போய், ஓர் ஆளின் எண்ணை வகுப்பதே குற்றம் என்று சட்டம் வந்தது. போனில் ஒன்பது இலக்கம் போட்டு வகுக்கச் சொன்னால் 'தடை' என்று நின்றுவிடும்.

ஒன்றாலும் தன்னாலும் தவிர எதனாலும் வகுபடாத எண் வந்தவர்களுக்கு ஒரு கதவும் திறக்கவில்லை. அவர்கள்தான் பகாக்காரர்கள். 'பகாக்கழுதை' என்பது அளத்தில் வசவு. மாடத்தியின் புருசனுக்கு ஆறாம் கதவு திறக்கும். மூன்று கோடை அவளோடு இருந்துவிட்டு, அதே கதவுக்குள் பார்த்துப் பழகிய ஒருத்தியோடு போய்விட்டான். மத்தியானம் உள்ளே உட்கார்ந்து, பெண்டாட்டி வெளியே வேகிறாளே என்று நினைக்க அவனுக்குச் சங்கடமாக இருந்ததாம்.

பகாக்காரர்கள் மறியல் செய்து, அடிபட்டு வாங்கியதுதான் பந்தல். சாக்குக் கூரை, அதன்மேல் நீர்த்தூவல், ஆளுக்கு ஒரு செம்புத் தண்ணீர். அவ்வளவுதான். அந்த அவ்வளவில்தான் சாவுக்கும் பிழைப்புக்கும் வித்தியாசம் இருந்தது.

மாடத்தி நேரே ஆபீஸ் ஜன்னலுக்குப் போனாள். எழுத்தர் தாணுலிங்கம் உள்ளே குளிரில் உட்கார்ந்திருந்தார். கெட்டவர் இல்லை. யாரையும் வையமாட்டார்.

"போலிப் பகாம்மா ஒன் எண்ணு" என்றார் திரையைப் பார்த்துவிட்டு.

"போலியா? நான் என்னய்யா போலி செஞ்சேன்? எண்ணு நீங்க குடுத்தது."

"ஒன்னைச் சொல்லலம்மா, எண்ணைச் சொல்லுதேன். எண்ணை உடைச்சுப் பாக்கக் கூடாதுன்னு சட்டம் இருக்குல்லா? அதனால உடைக்காம பகாவா இல்லையான்னு பாக்க ஒரு குறுக்குவழிச் சோதனை வச்சிருந்தாவ. பகா எண்ணு எல்லாம் அதுல தேறும். ஆனா பத்து லட்சத்துல ஒண்ணு, பகா இல்லாததும் பகா மாதிரியே நடிச்சுத் தேறிரும். பதினேழு கோடியே இருபத்தொம்பது லட்சத்து நாப்பத்தேழாயிரத்து ஐந்நூத்து இருபத்தொம்பது. ஒன் எண்ணு அந்த ரகம். இப்பம் புதுச் சோதனை வந்திருக்கு. மாதிரிக்குக் கொஞ்சப் பேரை எடுத்தோம், நீ மாட்டிக்கிட்ட."

"அப்பம் எனக்குக் கதவு உண்டா?"

"இருக்கணும். பகு எண்ணுன்னா அதை வகுக்க ஒரு எண்ணு இருந்துதான ஆகணும்?"

"எந்தக் கதவுய்யா?"

"அது எனக்கே தெரியாது. இந்தச் சோதனை பகா இல்லன்னு மட்டும் சொல்லும். எதால வகுபடும்னு சொல்லாது. சட்டத்துக்குத் தோதா அப்படிச் செஞ்சிருக்காவ. நானூறு கதவு இருக்கு, ஒவ்வொண்ணா கையை வச்சுப் பாரேன்."

"கதவெல்லாம் எங்கன இருக்கு?"

"சுரங்கத்துக்குள்ள."

"சுரங்கத்துக்குள்ள போவ?"

தாணுலிங்கம் கொஞ்சம் யோசித்தார். "ஏதாச்சும் ஒரு கதவு திறக்கணும்" என்றார்.

"அது வரைக்கும் பந்தல்ல இருந்துக்கிடுதேன்யா."

"பந்தல் பகாக்காரருக்குல்லாம்மா. நீதான் பகா இல்லையே."

அவர் பேச்சில் நக்கல் இல்லை. அதுதான் அவளுக்குக் கோபம் ஏற்றியது. உச்சந்தலை கொதித்தது, உள்ளங்கால் கொதித்தது. ஜன்னல் ஓட்டை வழியாக முகத்தில் பட்ட ஒரு இழைக் குளிர்காற்று கூடக் கேலி செய்கிற மாதிரி இருந்தது.

"நல்லா இருக்குவே ஒம்ம ஞாயம். பந்தல்ல சவுரியமா உக்காந்திருக்காளுவளே, அத்தன பேரும் நெசப் பகான்னு ஒமக்கு எப்படித் தெரியும்? என்னை மட்டும் ஏன் வெயில்ல நிறுத்துதீரு? சோதிச்சா எல்லாரையும் சோதியும்!"

தாணுலிங்கம் நிமிர்ந்தார். "நீ சொல்லுததுல அர்த்தம் இருக்கு. இதைப் புகாரா எடுத்துக்கிடட்டுமா?"

"எடுத்துக்கிடும்!"

பெருவிரலைக் கண்ணாடியில் அழுத்திவிட்டு வந்தாள். தான் நிற்கிற வெயிலில் இன்னும் நாலு பேர் நின்றால் தன் வெயில் குறையும் என்று அந்த நேரத்தில் தோன்றியது. வெயில்பட்ட மூளைக்கு அப்படித்தான் தோன்றும்.

அம்பாரத்தின் ஓரத்தில் போய்க் குத்தவைத்தாள். உப்புக் குவியல் நிழல் தராது, கண்ணைத்தான் பறிக்கும். கொஞ்ச நேரத்தில் தலையில் ஈரச் சாக்கும் கையில் பாதிச் செம்புத் தண்ணீருமாக ஞானப்பூ வந்தாள்.

ஞானப்பூ அவளுடைய ஜோடி. அந்த அளத்தில் வேலை ஜோடி ஜோடியாகத்தான். ஒருத்தி பாத்தியில் உப்பை வாரி ஒதுக்குவாள், மற்றவள் பெட்டியில் சுமந்து அம்பாரத்தில் கொட்டுவாள். கூலி ஜோடிக்கு, குடம் ஜோடிக்கு, ஏச்சும் ஜோடிக்கு. பத்துப் பன்னிரண்டு வருசமாக ஒருத்தியின் மூச்சு வாங்கலை வைத்தே மற்றவள் அவளுடைய பெட்டியின் கனத்தைச் சொல்லிவிடுவாள்.

"நீ எதுக்குட்டி வெளிய வந்த? உள்ள கெடக்க வேண்டியதான?"

"எவளோ மொச்சப்பயறு தின்னுட்டு வந்து பந்தல நாறடிக்கா. வெயிலே தேவலைன்னு வந்துட்டேன். இந்தா, குடி. பூராவும் குடிச்சிராத மூதி, எனக்கும் ஒரு வாய் வை."

மாடத்தி கதவு விசயத்தைச் சொன்னாள். புகாரைச் சொல்லவில்லை. சொல்வதற்கு என்ன இருக்கிறது, ஆபீஸில் எத்தனையோ புகார் கிடக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

ஞானப்பூ எட்டாவது வரை படித்தவள். "கதவுக்குக் கதவு கையை வைக்க எதுக்குட்டி? எண்ணு தெரியும்லா. வகுத்துப் பாத்தாப் போச்சு" என்றாள். வாருபலகையின் காம்பால் பாத்தியின் ஈரக் களிமண்ணில் ஒன்பது இலக்கத்தையும் கீறினாள். காகிதத்தில் எழுதினால் அளத்து வாசல் சோதனையில் மாட்டும். களிமண் என்றால் மிதித்தால் அழிந்துவிடும்.

ஏழால் வகுத்தாள். மீதி ஆறு. பதினொன்றால் வகுத்தாள், போகவில்லை. பதின்மூன்றுக்கு மீதி ஒன்று. பதினேழுக்கும் மீதி ஒன்று.

"அடச்சீ, ஒண்ணே ஒண்ணுட்டி! ஒன் புருசன் கணக்கா வாசல் வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போவுது பாரு."

மாடத்திக்குச் சிரிப்பு வந்தது. உதடு வெடித்து ரத்தம் வந்தது.

அப்படித்தான் அந்தக் கோடையின் முன்பாதி போனது. தினமும் மத்தியானம் ஞானப்பூ தன் பங்குத் தண்ணீரோடு வெளியே வருவாள். ஒருத்தி தலையில் சாக்கைப் பிடிக்க மற்றவள் கீறுவாள். இரண்டால் போகாதது நாலாலும் போகாது, மூன்றால் போகாதது ஒன்பதாலும் போகாது என்று கழித்துக் கழித்து, வகுக்க வேண்டியதை மட்டும் வகுத்தார்கள். நூறு தாண்டியது. இருநூறு தாண்டியது. மாடத்தி முகமெல்லாம் தோல் உரிந்துவிட்டது. ஞானப்பூவுக்கு மூத்திரத்தில் எரிச்சல் கண்டு, நடக்கும்போது வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

"போதும்ட்டி. எனக்குக் கதவும் வேண்டாம் கூதலும் வேண்டாம். நீ பந்தலுக்குப் போ."

"ஒனக்குக் கதவு கிடைச்சாத்தான் நான் பந்தல்ல போயி நிம்மதியா உக்கார முடியும். பேசாம சாக்கைப் பிடி."

முந்நூற்றேழால் வகுத்தபோது கடைசி இலக்கம் இறங்கியது. கழித்தாள். ஒன்றும் மிஞ்சவில்லை. நம்பாமல் காலால் அழித்துவிட்டு முதலிலிருந்து போட்டாள். இப்போதும் மிஞ்சவில்லை.

"முந்நூத்தேழு" என்றாள் ஞானப்பூ. "மீதி இல்லட்டி."

எங்கே இருக்கிறது என்று பிணவண்டி ஓட்டும் எசக்கிதான் சொன்னார். அவருக்கு அளத்தின் எல்லா மூலையும் தெரியும்.

"முந்நூத்தேழா? அது பொணவறைல்லா தங்கச்சி. பழைய பம்புக் கொட்டகைக்குப் பின்னால, வெளிவாசல். பெரிய எண்ணுக் கதவுக்கு ஆளே வராதுன்னு அதைப் பொணத்துக்கு ஒதுக்கிட்டாவ."

"அது எப்படி அண்ணாச்சி? செத்தவுக எண்ணெல்லாம் முந்நூத்தேழால வகுபடுமா?"

"நாடி நின்னா கைல எண்ணு அழிஞ்சு பூஜ்யம் ஆயிரும். பூஜ்யத்தை எதால வகுத்தாலும் மீதி கெடையாதே. செத்தவனுக்கு எல்லாக் கதவும் திறக்கும். அறுவதாம் கதவு கூடத் திறக்கும்." சிரித்தார். "எனக்குத் திறக்காது. நான் படியில உருளைப் படுக்கையில வச்சு விட்டுருவேன். பொணம்னு தெரிஞ்சா உருளை தானா இழுத்துக்கிடும்."

மறுநாள் மத்தியானம் மாடத்தி கையை வைத்தாள். "மீதி இல்லை" என்றது கதவு. பச்சை எரிந்தது.

உள்ளே குளிர் அவளைக் கட்டிப்பிடித்தது. பிறந்து இத்தனை வயசுக்கு முதல் தடவையாகப் பல் கிட்டியது. அடுக்குகளில் நாலைந்து பேர் கிடந்தார்கள். ஒருத்தியின் பாதத்து வெடிப்பைப் பார்த்ததும் யாரென்று தெரிந்துவிட்டது. மாடத்தி முகத்தைத் திருப்பிக்கொண்டு, தரையில் சுருண்டு, செத்த மாதிரி தூங்கினாள்.

"பொணத்தோட படுத்து எந்திரிச்சு வாரா பாரு மகராணி" என்றாள் ஞானப்பூ, பந்தலிலிருந்து வந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டே. "நெத்தில காசு ஒட்டிருக்கான்னு பாத்துக்கிடுட்டி."

அந்த வாரம் இரண்டு பேரும் நல்ல தண்ணீர் குடித்தார்கள், நல்ல நிழலில் இருந்தார்கள். ஞானப்பூவின் மூத்திர எரிச்சல்தான் விடவில்லை.

அக்கினி உச்சத்தில் இருந்த ஒரு நாள், மத்தியானச் சங்கு ஊதியபோது பந்தலைக் கயிறு கட்டி அடைத்திருந்தார்கள். நீர்த்தூவல் நின்றிருந்தது. கங்காணி ஒரு தாளைக் கையில் வைத்துக்கொண்டு, அது தன் வேலை இல்லை என்கிற முகத்தோடு படித்தான்.

"உப்பு வாரும் தொழிலாளி மாடத்தி கொடுத்த புகாரின்பேரில், பகா எண்காரர் அனைவரும் மறுசோதனைக்கு உட்படுத்தப்படுவர். முடிவு வரும் வரை பந்தல் மூடப்படுகிறது."

ஒரே நேரத்தில் எல்லாரும் கத்தினார்கள். ஒருத்தி மண்ணை அள்ளி மாடத்தி மேல் எறிந்தாள். ஒருத்தி அவள் கொண்டையைப் பிடித்தாள். ஞானப்பூதான் இடையில் விழுந்து விலக்கினாள்.

"கையை எடுங்கட்டி! அவ அப்படிச் செய்யமாட்டா." திரும்பினாள். "நீ இல்லன்னு சொல்லு."

மாடத்தி அவிழ்ந்த கொண்டையை அள்ளி முடிந்தாள்.

"நெசந்தானா?"

"கோவத்துல சொன்னேன்ட்டி. அன்னைக்கு மொத நாளு, வெயில்ல நின்னு…"

"அன்னைக்குத்தான ஒனக்குத் தண்ணி கொண்டாந்தேன்?"

"அதுக்கு முன்னாலயே சொல்லிட்டேன்."

"பெறவு இத்தன நாளு சாக்கைப் பிடிச்சுக்கிட்டு நின்னியே. அப்பமாவது சொல்லியிருந்தா போயி வாபஸ் வாங்கியிருப்பம்லா?"

ஞானப்பூ அவளை ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"போ. ஒன் கதவுக்குப் போ. நேரமாவுது" என்றாள்.

மாடத்தி போனாள். அவளோடு வெளியே உட்கார்ந்தால் மட்டும் என்ன ஆகப்போகிறது, ரெண்டு பேரும் வேகிறதுதானே மிச்சம் என்று சொல்லிக்கொண்டாள். அதெல்லாம் சாக்கு. ஒரு வாரக் குளிர் அவள் உடம்பைக் கெடுத்து வைத்திருந்தது. கால்கள் தானாகப் பம்புக் கொட்டகைக்கு நடந்தன. உள்ளே போய்த் தரையில் படுத்தாள். தூக்கம் வரவில்லை, ஆனாலும் எழுந்திருக்கவில்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாது. தாங்காமல் எழுந்து வெளியே வந்தபோது, அளம் முழுக்க வெள்ளையாகக் கொதித்தது. பகாக்காரிகள் வண்டிகளுக்கு அடியிலும் வாய்க்கால் பொந்துகளிலும் ஒண்டிக் கிடந்தார்கள்.

ஞானப்பூ அவர்கள் இரண்டு பேரின் பாத்தியில், வரப்பின்மேல் ஒருக்களித்துக் கிடந்தாள். தோல் காய்ந்து சுட்டது. வியர்வை நின்றுபோயிருந்தது. அப்படி வியர்வை நின்றால் என்ன அர்த்தம் என்று அளத்தில் எல்லாருக்கும் தெரியும்.

"ஏட்டி! ஞானப்பூ! என்னைப் பாருட்டி!"

கண் பாதி திறந்தது. ஆஸ்பத்திரிக் கதவு ஐந்து. ஞானப்பூவின் எண் மூன்றில் முடியும். பகாக்காரருக்கு வெளியே வந்து வைத்தியம் பார்க்க நர்சுக்குச் சாயங்காலம்தான் நேரம். மாடத்தி அவளை உப்புத் தள்ளுவண்டியில் தூக்கிப் போட்டாள். குடத்தில் இருந்த கடைசித் தண்ணீரை அவள் மார்பில் ஊற்றினாள். வண்டியைத் தள்ளிக்கொண்டு ஓடினாள். அவளுக்குத் தெரிந்த குளிர் ஒன்றுதான்.

படியில் உருளைப் படுக்கைமேல் ஞானப்பூவைக் கிடத்திவிட்டுத் தன் கையைத் தகட்டில் வைத்தாள். கதவு திறந்தது. குளிர் வெளியே வந்து ஞானப்பூ முகத்தில் பட்டது. ஞானப்பூவின் உதடு அதை நக்குகிற மாதிரி அசைந்தது. மாடத்தி தோளைப் பிடித்து உள்ளே இழுத்தாள். தலை நிலையைத் தாண்டும் முன் "மீதி உள்ளது" என்று கதவு சாத்த வந்தது. தலை நசுங்கிவிடும் என்று பின்னால் இழுத்துக்கொண்டாள். தன் மணிக்கட்டையும் அவள் மணிக்கட்டையும் ஒன்றாகச் சேர்த்து வைத்துப் பார்த்தாள். மீதி உள்ளது. தன் கையை வைத்துத் திறந்து, திறந்த இடைவெளியில் தன் உடம்பைக் கொடுத்து நின்று இழுத்தாள். கதவு அவள் விலாவை நெருக்கியது. மீதி உள்ளது.

"சண்டாளப் பயலுவளா! பொணத்தை விடுதிய, உயிரை விடமாட்டியளா!"

"மூடுட்டி" என்றாள் ஞானப்பூ. நாக்கு தடித்துப்போய் வார்த்தை குழறியது. "குளிரு வீணாப் போவுது."

"நீ வாயை மூடு. இந்தா திறந்திரும், பொறு."

ஞானப்பூவின் மணிக்கட்டைப் பிடித்துத் தகட்டில் வைத்தாள். மீதி உள்ளது. உப்பாக இருக்கும் என்று நாக்கால் நக்கித் துடைத்துவிட்டு வைத்தாள். மீதி உள்ளது. தாணுலிங்கத்தை வைதாள், கமிட்டியை வைதாள், தன் பெருவிரலை வைதாள். வைதுகொண்டே வைத்து வைத்து எடுத்தாள். கை வலித்தது. அந்தக் கை தன்னுடையதா அவளுடையதா என்று தெரியாமல் போனது.

"மீதி இல்லை" என்றது கதவு.

பச்சை எரிந்தது. கதவு முழுசாகத் திறந்தது.

மாடத்தி வாய்விட்டுச் சிரித்தாள். "திறந்துட்டுட்டி! ஏட்டி ஞானப்பூ, ஒன் எண்ணுக்கே திறந்துட்டு! நீயும் போலிதாம்ட்டி! பகாவே இல்ல நீ!"

உருளைப் படுக்கை ஒரு குலுக்கல் குலுக்கி, தானாக ஓட ஆரம்பித்தது.

அவள் சிரிப்பு நிற்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. ஞானப்பூவின் தலை நிலையைத் தாண்டியது, தோள் தாண்டியது. மாடத்தி கையை விடவில்லை. உருளைகள் அவளையும் சேர்த்து உள்ளே இழுத்தன.